மாமியார் வழி வில்லங்கம்

அமெரிக்கரான என் மாமியாரிடம் மஞ்சள் பூத்த தட்டச்சுத் தாள் ஒன்று இருக்கிறது. 1930களில் அவருடைய பெரியம்மா தயாரித்தது. அமெரிக்கப் புரட்சிப் போருக்கு உழைத்தவர்களின் வாரிசுப் பெண்களுக்கென்று 1890இல் தொடங்கிய சங்கம் ஒன்று உண்டு. அதில் சேர வம்சாவளி காட்ட வேண்டும். அதற்காக எழுதிய தாள். அடியில் பெரியம்மா, அதற்கு மேல் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று ஏறிக்கொண்டே போய் உச்சியில் ஒரு ஜான். அவர் பெயருக்குப் பக்கத்தில், "மேஃப்ளவர் கப்பலில் வந்த மூன்று சகோதரர்களில் ஒருவர்" என்று ஒரு குறிப்பு. குடும்பப் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தப் பெயரோடு உறவினர்கள் நிறையப் பேர் இப்போதும் இருக்கிறார்கள். ஜான் என்பதே போதும்.

கல்யாணமாகி பாஸ்டனுக்கு வடக்கே குடிவந்த புதிதில் அத்தையோடு பேச எனக்கு விஷயமே இருக்காது. (மாமியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நா எழவில்லை. 'அத்தை' என்றே கூப்பிட்டேன், அவருக்கும் பழகிவிட்டது.) பேஸ்பால் எனக்குப் புரியாது, என் ஊர்க் கதை அவருக்குப் புரியாது. அந்தத் தாள்தான் எங்களுக்குக் கிடைத்த பொதுவான சங்கதி. தவிர, என் அப்பா கும்பகோணத்தில் பத்திர எழுத்தராக இருந்தவர். பழைய பத்திரங்களின் நடுவிலேயே வளர்ந்தவள் நான். முந்நூறு வருஷத்துக் காகிதம் என்றதும் கை பரபரத்தது.

முதலில் மேஃப்ளவரை முடித்துவிடலாம். அதில் 1620இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேற வந்தவர்கள் 102 பேர். முதல் குளிர்காலத்திலேயே கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்துபோனார்கள். யார் யார் வந்தார்கள் என்று பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டு கைப்பட எழுதிவைத்த பட்டியல் இருக்கிறது. அதில் நம்ம ஜான் இல்லை. ஒரு மாலைப்பொழுதில் தீர்ந்துபோன விஷயம் இது. ஆனால் அத்தையிடம் சொல்ல எனக்குத் தைரியம் வர நாளானது.

மூன்று சகோதரர் கதை இங்கே பாதி வீடுகளில் உண்டு. ஒரே குடும்பப் பெயரோடு வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்களை முடிச்சுப் போட அது வசதியான கதை. இதோடு சேர்ந்தே வருவது பழங்குடி இளவரசியைக் கல்யாணம் செய்துகொண்ட பாட்டன், இங்கிலாந்தில் கைவிட்டுப்போன கோட்டை, குலச்சின்னம். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் குஸ்டாவ் அன்ஜூ என்றொருவர் பணக்காரக் குடும்பங்களுக்குக் கேட்ட மாதிரி வம்சாவளி தயாரித்து விற்றே பிழைத்தார். அவர் புனைந்தவை இன்றும் நூலகத் தட்டுகளில் இருக்கின்றன, அங்கிருந்து இணையத்தில் அவரவர் போட்டுவைக்கும் குடும்ப மரங்களுக்கும் பரவியிருக்கின்றன. ஆகவே தோல் அட்டை போட்ட பழைய புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது என்பதற்காக எதையும் நம்ப வேண்டாம். எந்த ஆவணத்தைப் பார்த்து எழுதினார் என்று புத்தகம் சொல்கிறதா? சொன்னால் அந்த ஆவணத்தைத் தேடிப் போங்கள். சொல்லாவிட்டால் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சியிலிருந்து இறங்கக் கூடாது, அடியிலிருந்துதான் ஏற வேண்டும். இது எல்லோரும் சொல்வதுதான், யாரும் கேட்பதில்லை. அத்தையின் பிறப்புச் சான்றிதழில் தொடங்கி ஒவ்வொரு படிக்கும், இன்னார் மகன் இன்னார் என்று காட்டும் காகிதம் ஒன்றாவது கையில் வந்த பிறகே அடுத்த படி. 1850 வரைக்கும் வழுக்கிக்கொண்டு போகலாம். அந்த வருஷத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் வீட்டிலிருந்த அத்தனை பேரின் பெயரையும் (அடிமைகள் தவிர) முதன்முறையாக எழுதினார்கள். 1790இலிருந்து 1840 வரை நடந்த கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும், மற்றவர்கள் வயதுக் கட்டத்தில் வெறும் எண்ணிக்கை. 1790க்கு முன்னால் அதுவும் கிடையாது.

பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் காலனியில் ஒரு நல்ல விஷயம், 1630களிலிருந்தே ஊர்க் கணக்கர்கள் பிறப்பு, திருமணம், இறப்பு எழுதத் தொடங்கிவிட்டார்கள். மாநில அளவில் பதிவு வந்தது 1841இல். 1850 வரையிலான ஊர்ப் பதிவுகளை ஊர் வாரியாக, அகரவரிசையில் அச்சிட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை இணையத்தில் இலவசம். ஆனால் அச்சுப் புத்தகத்தோடு நிற்காதீர்கள். அகரவரிசைப்படுத்தியபோது கணக்கர் எந்த வரிசையில் எழுதினார் என்பது போய்விடுகிறது. மூலப் பதிவேட்டின் படத்தைப் பார்த்தால், ஒரே மையில், ஒரே கையெழுத்தில் ஏழு பிள்ளைகளை ஒரே நாளில் எழுதியிருப்பது தெரியும். வேறு ஊரிலிருந்து குடிவந்த அப்பா ஞாபகத்திலிருந்து சொன்ன தேதிகள் அவை. அவர்கள் முன்பு இருந்த ஊரின் பதிவேட்டையும் தேட வேண்டும் என்று அந்த ஒரே மை சொல்லிவிடுகிறது.

ஊர் எல்லைகளும் சும்மா இருப்பதில்லை. 1692 சூனிய வழக்குகளில் அடிபடும் சேலம் கிராமம் (நம்மூர் சேலம் அல்ல, மாசசூசெட்ஸ் சேலம்) இன்றைய டான்வர்ஸ். 1752இல்தான் அது சேலத்திலிருந்து தனியாகப் பிரிந்தது. இன்று தனி மாநிலமான மெய்ன் 1820 வரை மாசசூசெட்ஸோடு இருந்தது. வீட்டை விட்டு நகராமலே இரண்டு மூன்று ஊர்ப் பதிவேடுகளில் வாழ்ந்து செத்தவர்கள் உண்டு.

தேதி விவகாரம் தனி. 1752 வரை இங்கிலாந்தும் அதன் காலனிகளும் பழைய நாட்காட்டியில் இருந்தன. வருஷம் பிறந்தது மார்ச் 25இல். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சின் முக்கால்வாசி எல்லாம் போன வருஷக் கணக்கு. ஜான் தம்பதிக்கு 1687 ஏப்ரலில் திருமணம், முதல் பிள்ளை 1687 பிப்ரவரியில் என்று பதிவேட்டில் இருந்தது. இணையத்தில் ஒரு புண்ணியவான் இதைப் பார்த்துவிட்டு, பிள்ளையை முதல் மனைவிக்குப் பிறந்ததாக்கி, முதல் மனைவி ஒருத்தியையும் உண்டாக்கிவிட்டார். விஷயம் ஒன்றுமில்லை. அந்த பிப்ரவரி நம் கணக்கில் 1688, கல்யாணமாகிப் பத்தாம் மாதம். அந்தக் காலத்திலேயே இந்தக் குழப்பம் தெரிந்து சிலர் 1687/8 என்று இரட்டையாக எழுதினார்கள். மாதத்தை எண்ணால் எழுதியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: முதல் மாதம் மார்ச், பன்னிரண்டாம் மாதம் பிப்ரவரி. என் குறிப்பேட்டில் ஏட்டில் உள்ளபடியே ஒரு பத்தி, நம் கணக்கில் ஒரு பத்தி என்று இரண்டாக எழுதுகிறேன். ஏட்டில் உள்ளதைத் திருத்துவதே இல்லை.

இப்படியே படி ஏறி எசெக்ஸ் கவுண்டியில் இப்ஸ்விச்சுக்கு வந்து சேர்ந்தோம். 1633இல் குடியேறிய ஊர். அங்கே தேர் நின்றுவிட்டது.

காரணம், ஒரே ஊரில் ஒரே காலத்தில் இரண்டு ஜான்கள். ஒரே குடும்பப் பெயர், ஏறக்குறைய ஒரே வயது. ஊர்ப் பதிவில் தகப்பன் பெயர் "ஜான்" என்று மட்டும் இருக்கும், தாய் பெயர் பல இடங்களில் இருக்காது. இணைய மரங்கள் இரண்டு பேரையும் ஒருவராக்கியிருந்தன. அந்த ஒருவருக்கு ஐந்து மாத இடைவெளியில் இரண்டு பிள்ளைகள், தாயும் ஒருத்தியே! அதை நாற்பது பேர் நகலெடுத்து வைத்திருந்தால் நாற்பது சாட்சி ஆகிவிடாது. சீனியர், ஜூனியர் என்று போட்டிருப்பதை நம்பவும் வழியில்லை. ஊரில் வயதில் மூத்தவர் சீனியர், இளையவர் ஜூனியர், அவ்வளவுதான். அப்பா மகனாக இருக்க வேண்டியதில்லை. மூத்தவர் செத்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார், அடுத்த பையன் ஜூனியர்.

அப்பாவிடம் தொலைபேசியில் இதைப் புலம்பினேன். "ஆளை ஏம்மா தேடுறே? நிலத்தைத் தேடு. ஒரே பேர்ல பத்துப் பேர் இருக்கலாம், ஒரே நிலம் பத்துப் பேர்கிட்ட இருக்க முடியாது. வில்லங்கம் போட்டுப் பாரு" என்றார்.

வில்லங்கம் போட்டுப் பார்க்கும் வசதி இங்கேயும் அப்படியே இருக்கிறது. எசெக்ஸ் கவுண்டியின் தெற்குப் பகுதிப் பத்திரப் பதிவேடுகள் சேலத்தில் இருக்கின்றன, 1600களிலிருந்து. விற்றவர் பெயரில் ஒரு அட்டவணை, வாங்கியவர் பெயரில் ஒரு அட்டவணை. தாய்ப்பத்திரம் தேடுகிற மாதிரி, இந்தத் துண்டு நிலம் இவருக்கு யாரிடமிருந்து வந்தது, அவருக்கு யாரிடமிருந்து என்று பின்னோக்கிப் போக வேண்டியதுதான். கிரயப் பத்திரங்களில் ஆளின் ஊரும் தொழிலும் எழுதுவது வழக்கம். ஒரு ஜான் நெசவாளி, இன்னொரு ஜான் பீப்பாய் செய்பவர். இது தெரிந்த நிமிஷத்தில் பாதி முடிச்சு அவிழ்ந்தது. நிலத்தை விற்கும்போது மனைவியும், புருஷன் இறந்தால் தனக்கு வரவேண்டிய விதவைப் பங்கை விட்டுக்கொடுத்துக் கைநாட்டு வைப்பாள். நெசவாளியின் மனைவி மேரி, பீப்பாய்க்காரரின் மனைவி ஹன்னா. பதிவேட்டில் பிரித்தறிய முடியாத பிள்ளைகளை இந்த இரண்டு வீட்டுக்கும் பங்கிட்டுக் கொடுத்தவை விடுதலைப் பத்திரங்கள். தகப்பன் செத்த பிறகு, மற்ற வாரிசுகள் தங்கள் பங்கை ஒரு சகோதரனுக்கு விட்டுக்கொடுப்பார்கள். அதில் கட்டிக்கொடுத்த பெண்கள் புருஷன் பெயரோடு, போன ஊரோடு வரிசையாக வருவார்கள். பிறப்புப் பதிவேட்டில் நான் வருஷக்கணக்கில் தேடியிருக்கக்கூடிய ஐந்து பெண்கள் ஒரே பக்கத்தில் வந்து நின்றார்கள். நம்ம ஜான் பீப்பாய்க்காரர்.

இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. பத்திரம் எழுதிய அன்றே பதிவு செய்யும் வழக்கம் அப்போது கிடையாது. தகராறு வந்தாலோ, விற்க வேண்டி வந்தாலோதான் பெட்டியிலிருந்து எடுத்துப் பதிவார்கள். 1714இல் எழுதிய பத்திரம் 1741 புத்தகத்தில் கிடைத்தது. ஆகவே ஆள் இறந்த வருஷத்தோடு அட்டவணையை மூடாமல் இன்னும் முப்பது நாற்பது வருஷம் தள்ளிப் பாருங்கள். இன்னொன்று, நான்கெல்லையை முழுதாகப் படியுங்கள். "அடையாளமிட்ட வெள்ளை ஓக் மரத்திலிருந்து கற்குவியல் வரை, கிழக்கே இன்னார் நிலம்" என்று போகும். அந்த 'இன்னார்' பல சமயம் மாமனாராகவோ மச்சானாகவோ இருப்பார். ஹன்னாவின் பிறந்த வீடு எனக்கு அப்படித்தான் கிடைத்தது. கிழக்கெல்லைக்காரரின் உயிலில், மகள் ஹன்னாவுக்கு என்று எழுதி, மருமகன் ஜானின் தொழிலையும் குறிப்பிட்டிருந்தார்.

கையெழுத்து பயமுறுத்தும். 1600களின் ஆங்கில எழுத்தில் 'e' தலைகீழாக இருக்கும், நீண்ட எஸ் பார்க்க எஃப் மாதிரி இருக்கும், 'தி' என்பதை 'யீ' போல எழுதியிருப்பார்கள். வகுப்பெல்லாம் வேண்டாம். பத்திரத்தின் முதல் ஆறு வரி எல்லாப் பத்திரத்திலும் ஒரே வாய்பாடுதான், நம்மூரில் "சுத்தக் கிரயம் பெற்று" என்று வருகிற மாதிரி. வாய்பாட்டை வைத்து எழுத்துகளைப் பழகிக்கொண்டு மீதிக்குப் போங்கள். எழுத்துக்கூட்டலுக்கு அந்தக் காலத்தில் விதியே கிடையாது. ஒரே பத்திரத்தில் ஜானின் குடும்பப் பெயர் மூன்று விதமாக வந்தது. ஃபேமிலிசர்ச் தளத்தில் இப்போது கையெழுத்து ஆவணங்களையே இயந்திரம் படித்துச் சொல் தேட வழி வந்திருக்கிறது, கட்டணமும் இல்லை. அட்டவணையில் வராத சாட்சிகள், அண்டை வீட்டார், கடன்காரர்கள் எல்லாம் அதில் சிக்குகிறார்கள். நான் ஜான் பெயரைப் போட்டுத் தேடுவதைக் குறைத்துவிட்டேன். அபூர்வமான பெயருள்ள பக்கத்து நிலக்காரரைத் தேடினால் கூடவே ஜான் வருகிறார். நீண்ட எஸ்ஸை இயந்திரமும் பல சமயம் எஃப் என்றே படிப்பதால் பெயரில் எஸ் இருந்தால் அப்படியும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

அடுத்தது உயிலும் சொத்துப் பட்டியலும். ஆள் இறந்ததும் அக்கம்பக்கத்தார் இரண்டு மூன்று பேர் வீட்டுக்கு வந்து, அறை அறையாக நடந்து, இருப்பதையெல்லாம் விலை போட்டு எழுதுவார்கள். எசெக்ஸ் கவுண்டியின் 1638 முதலான கோப்புகளைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள், பாஸ்டனில் 1845இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து வம்சாவளிச் சங்கத்தார். (மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்களுக்கு நியூ இங்கிலாந்து என்று பெயர்.) பீப்பாய்க்காரர் வீட்டுப் பட்டியலில் விலையுயர்ந்த பொருள்களில் ஒன்று இறகுப் படுக்கை. ஈயத் தட்டுகள், இரும்புப் பானை, ராட்டை, துப்பாக்கி, ஒரு ஜோடி எருது, சோளம், பட்டறையில் செய்து முடிக்காத பீப்பாய்ப் பலகைகள். ஒரு பைபிள், "சில பழைய புத்தகங்கள்." நம் வீட்டுப் பரணையே யாரோ விலை போட்டுப் படிக்கிற மாதிரி கூச்சமாக இருந்தது.

ஹன்னாவின் விதவைப் பங்கைப் பிரித்த காகிதத்தை அத்தை பலமுறை படிக்கச் சொன்னார். சட்டப்படி நிலபுலனில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள்காலம் அனுபவிக்கலாம். வீட்டையும் அப்படியே அளந்து வெட்டினார்கள். கிழக்குப் பக்க அறை, அதற்கு மேல் மாடியறை, நிலவறையில் மூன்றில் ஒரு பாகம், கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமை, அடுப்பங்கரை வழியாக நடந்துபோகும் உரிமை. பெற்ற மகன் வீட்டில், அடுப்பங்கரை வழியாக நடக்க அவளுக்கு எழுத்தில் அனுமதி வேண்டியிருந்தது. "மருமகள் எப்படிப்பட்டவளோ!" என்றார் அத்தை, என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே. மூத்த மகனுக்கு மற்றவர்களுக்குக் கிடைப்பதைப் போல் இரு மடங்கு பங்கு. உயில் எழுதாமல் செத்தவர்களுக்கு அன்றைய மாசசூசெட்ஸ் சட்டம் அது. பங்கு கணக்கை வைத்தே மூத்தவன் யார் என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஜானின் பேரன் கதை வேறு. அவர் தேவாலயத்தில் டீக்கன். பெரியம்மாவின் தாளில் "பக்திமான்" என்று குறிப்பே இருக்கிறது. 1747இல் இறந்தார். பட்டியலில் தொகை பெரிதாக இருந்ததைப் பார்த்து அத்தைக்குச் சந்தோஷம். அதில் பாதி காகிதப் பண வீக்கம். 'ஓல்டு டெனர்' என்ற அந்தக் காகிதப் பணத்தின் மதிப்பு அப்போது தரைமட்டம். 1750இல் அதை ஏழரைக்கு ஒன்று என்று மாற்றித்தான் கணக்கைச் சீர் செய்தார்கள். 1740களின் பட்டியலையும் 1720களின் பட்டியலையும் தொகை வைத்து ஒப்பிடக் கூடாது.

அந்தப் பட்டியலின் இரண்டாம் பக்கத்தில், பசுக்களுக்கும் வண்டிக்கும் நடுவில், "ஒரு நீக்ரோப் பெண்" என்று எழுதி, முன்பெயர் மட்டும் போட்டு, எதிரே ஒரு தொகை. எருது ஜோடியைவிட அதிகம்.

அத்தைக்கு இது புதிது. அடிமைமுறை தெற்கத்திச் சமாசாரம் என்றுதான் அவருக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மாசசூசெட்ஸில் 1641 சட்டத் தொகுப்பிலேயே அதற்கு இடம் இருந்தது. 1780களின் தொடக்கத்தில், அடிமையாக வைக்கப்பட்டிருந்த குவாக் வாக்கர் என்பவரின் வழக்குகளில் வந்த தீர்ப்புகளுக்குப் பிறகுதான் அது இங்கே நிலைகுலைந்தது. "பெரியம்மா இதைப் பார்த்திருப்பாளா?" என்று கேட்டார். பார்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். டீக்கன் இறந்த தேதியை அந்தக் கோப்பிலிருந்துதான் எடுத்திருக்கிறார், வேறெங்கும் அது இல்லை. சங்கத்து விண்ணப்பத்தில் அதற்குக் கட்டம் இல்லை, அவரும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு ஜானை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைத் தேடினோம். சொத்து இல்லாதவர்களுக்குச் சொந்தக் காகிதம் இருக்காது. மற்றவர்களின் காகிதத்தில்தான் தேட வேண்டும். டீக்கனின் உயிலில், மனைவிக்கு. தேவாலய ஏட்டில் ஞானஸ்நானம், "டீக்கனின் வேலையாள்" என்று. நியூ இங்கிலாந்து ஏடுகளில் வேலையாள் என்று இருப்பது பல இடங்களில் அடிமையைக் குறிக்கும், கவனம் வேண்டும். டீக்கனின் மனைவி இறந்த பிறகு, ஊர்க் கணக்கில் ஏழைகளுக்கான செலவில் அவளுக்குக் காலணி வாங்கியதும், யார் வீட்டிலோ சாப்பாடு போட்டதும் இரண்டு மூன்று வரி. அதோடு தடம் அற்றுப்போனது. கறுப்பின அமெரிக்கர்கள் பலருக்கு 1870 கணக்கெடுப்புக்கு முன்னால் போவதே பெரும்பாடு. அதற்கு முந்திய அடிமைகளின் பெயர்கள் கிடப்பது இந்த மாதிரி வெள்ளைக்காரக் குடும்பக் கோப்புகளில்தான். ஆகவே உங்கள் தேடலில் இப்படி ஒரு வரி தட்டுப்பட்டால், படத்தோடு, எந்த ஏடு எந்தப் பக்கம் என்ற விவரத்தோடு, பொதுவில் தேடக் கிடைக்கும் இடத்தில் போட்டுவையுங்கள். நாங்கள் அவளுக்கும் ஃபேமிலிசர்ச் மரத்தில் தனிப்பக்கம் தொடங்கினோம். அத்தைதான் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்.

வழக்குமன்ற ஏடுகளைச் சொல்லாவிட்டால் பாவம். எசெக்ஸ் காலாண்டு நீதிமன்றத்தின் 1636இலிருந்து 1686 வரையிலான நடவடிக்கைகள் பல தொகுதிகளாக அச்சாகியிருக்கின்றன. பன்றி வேலியைத் தாண்டியது, பணியாள் வெண்ணெய் திருடினான், ஞாயிற்றுக்கிழமை யார் யாரைத் திட்டினார்கள், எல்லாம் உண்டு. பொழுதுபோக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், சாட்சி சொன்னவரின் வயதை "சுமார் 40" என்று எழுதியிருப்பார்கள். பீப்பாய்க்காரருக்கும் முன்னோரான, கப்பலேறி வந்த, பிறந்த வருஷமே தெரியாத முதல் ஜானுக்கு எனக்குக் கிடைத்த ஒரே வயதுக் குறிப்பு, வேறு யாரோ இருவரின் மாட்டுத் தகராறில் அவர் சொன்ன சாட்சியம். 1700களுக்கு இன்னொன்று: புதிதாகக் குடிவந்தவர்கள் ஏழையாகிப்போனால் ஊர் சோறு போட வேண்டிவருமே என்று, "வெளியேறுங்கள்" என முன்கூட்டியே நோட்டீஸ் கொடுப்பார்கள். நிஜமாகவே துரத்துவது குறைவு. அந்த நோட்டீஸில் மனைவி மக்கள் பெயரும், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதும் இருக்கும். காணாமல் போன கிளைகளைப் பிடிக்க நல்ல கண்ணி.

மரபணுச் சோதனை பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: பத்துத் தலைமுறைக்கு முன் நமக்கு 1,024 முன்னோர் இடங்கள். அவர்களில் பலரிடமிருந்து நம் உடம்பில் ஒரு துணுக்குகூட வந்திருக்காது. எச்சில் கொடுத்து ஜானை நிரூபிக்க முடியாது. தகப்பன் வழியே அதிகம் மாறாமல் வரும் ஒய் குரோமோசோம் சோதனை ஓரளவு உதவும். ஆனால் அதற்கு ஜானிலிருந்து மகன் வழியாகவே வந்த ஆண் வேண்டும். அத்தையின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் ஒப்புக்கொண்டார். நெசவாளி வழி வாரிசு ஒருவரோடு அவருக்குப் பொருந்தியது. இரண்டு ஜான்களும் பங்காளிகள் என்று மட்டும் உறுதியானது.

இதற்கிடையில் சேலம் போயிருந்தபோது எனக்கு மட்டும் ஒரு உபரி லாபம். சூனிய வழக்குகள் நடந்தபோது அந்த ஊரின் மூத்த பாதிரியார் ஜான் ஹிக்கின்சன். அவருடைய மகன் நத்தானியேல், 1652இல் கனெக்டிகட்டின் கில்ஃபோர்டில் பிறந்து ஹார்வர்டில் படித்தவர், 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது அதன் முதல் மேயர்! பிறகு சென்னைக் கோட்டைக்கே ஆளுநர். அவருக்கு முன்னால் ஆளுநராக இருந்த எலிஹு யேலும் பாஸ்டனில் பிறந்தவர்தான். அத்தையிடம் இதைச் சொன்னேன். "அப்படியானால் நாம் முன்பே சொந்தமோ?" என்றார். ஹிக்கின்சன் அவர்கள் வம்சமே இல்லை என்று ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. ஒரு தடவை ருசி கண்டுவிட்டால் பிரபலங்களை மரத்தில் ஒட்டவைக்கும் ஆசை யாரையும் விடாது.

முதல் ஜான் இங்கிலாந்தில் எந்த ஊர் என்பது கிடைக்கவில்லை. 1630களில் நியூ இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர்கள் சுமார் 20,000 பேர். அவர்களில் பலருக்கு இதே நிலைதான். அதே பெயரில் ஒருவருக்கு இங்கிலாந்தின் சஃபோக்கில் ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. வயதும் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. இணைய மரங்கள் அவரையே போட்டிருக்கின்றன. நாங்கள் போடவில்லை. அந்தப் பையன் சிறுவயதிலேயே இறந்து அதே ஊரில் புதைக்கப்படவில்லை என்று யார் பார்த்தது? அந்த ஊர்ப் புதைப்பு ஏட்டைப் பார்த்துச் சொல்லும்படி அங்குள்ள ஆவணக் காப்பகத்துக்கு எழுதியிருக்கிறோம்.

மேஃப்ளவர் சமாசாரத்தை ஒருவழியாக அத்தையிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றார். எப்போதிருந்து என்று கேட்டதற்குப் பதில் இல்லை. நன்றி நவிலல் நாள் விருந்தில் இன்னமும் கப்பலைப் பற்றிப் பேசுகிறார், பெயரை மட்டும் சொல்வதில்லை.

இப்போது மாமனார் வழியில் இறங்கியிருக்கிறோம், அது வர்ஜீனியா. அங்கே முறையே வேறு. ஊர்க் கணக்கர் கிடையாது, ஆங்கிலிக்கத் திருச்சபை ஏடு இருந்தால் உண்டு. பல கவுண்டிகளின் நீதிமன்ற ஆவணங்கள் உள்நாட்டுப் போரிலும் மற்ற தீ விபத்துகளிலும் எரிந்துபோயின. நிலத்திலிருந்துதான் அங்கேயும் தொடங்க வேண்டும். ஆளைக் கப்பலில் கொண்டுவந்தால் தலைக்கு 50 ஏக்கர் என்று காலனி நிலம் கொடுத்தது, அதற்காகக் கொண்டுவந்தவர்களின் பெயர்களைப் பட்டயத்தில் பட்டியலிட்டார்கள். ரிச்மண்டில் உள்ள வர்ஜீனியா நூலகம் அவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. 1630களில் ஜார்ஜ் மெனிஃபி என்ற நிலக்காரர் கொடுத்த அப்படியொரு பட்டியலில் "டோனி, கிழக்கிந்தியன்" என்று ஒரு பெயர் வருகிறது. எந்த ஊர்க்காரனோ! அந்தப் பக்கத்தை அச்செடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். நிலத்துக்கு நான்கெல்லை சரியாக எழுதவில்லை என்று குறை சொன்னார்.